கமா எங்கே விழவேண்டும்? சரங்களின் பட்டியலைப் பிரிப்பான் வைத்து இணைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை,

கரையோரப் புகையிரதப் பாதையின் நிலையங்கள் சிலவற்றை ஒரு நிரல் இப்படிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு கமா தொங்குகிறது. பார்ப்பவர் ஏதோ விடுபட்டுப்போனது என்று நினைப்பார். இந்த வரியை வாங்கி வாசிக்கும் இன்னொரு நிரலோ, தெஹிவளைக்குப் பிறகு பெயரில்லாத ஆறாவது நிலையம் ஒன்று இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும்.

பல சரங்களை (எழுத்துத் தொடர்களை) ஒரே சரமாக்கி, இடையிடையே கமா, கோடு, இடைவெளி என்று ஏதாவதொரு பிரிப்பானை வைப்பது நிரலாக்கத்தில் நாளாந்தம் வரும் வேலை. உயர்தர ஐசிடி மாணவரின் முதல் பைதன் பயிற்சியிலும் வரும், வங்கி மென்பொருளிலும் வரும். இணைக்கும் கட்டளை ஒரே வரிதான், பைதனில் அதன் பெயர் ஜாயின். பிழைகள் வருவது அந்த வரிக்கு முன்னால் பட்டியலைச் சரிபார்க்காததாலும், இணைத்த சரத்தை அடுத்து வாசிக்கப்போவது மனிதரா இன்னொரு நிரலா என்று கேட்காததாலும்தான். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றியே போகின்றன.

எழுத்துமுறை பற்றி ஒரு சொல். உதாரணங்கள் பெரும்பாலும் பைதனில் உள்ளன. கட்டளைச் சொற்களை இங்கே ஒலிபெயர்த்துத் தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை அவற்றுக்குரிய ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். பைதன் 3 அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

## படி 1: சுழற்சியை விட்டு ஜாயினுக்கு வாருங்கள்

விரல்கள் ஐந்து என்றால் நடுவே இடைவெளி நான்குதான். பட்டியலிலும் அதே கணக்கு: உறுப்புகள் ஐந்து என்றால் பிரிப்பான்கள் நான்கு. ஃபார் சுழற்சியில் ஒவ்வொரு பெயரோடும் ஒரு கமாவை ஒட்டிக்கொண்டே போனால் ஐந்து கமா விழும். தொங்கும் கமா அங்கிருந்துதான் வருகிறது.

```
நிலையங்கள் = ["கோட்டை", "கொள்ளுப்பிட்டி", "பம்பலப்பிட்டி"]
வரி = ", ".ஜாயின்(நிலையங்கள்)
பிரிண்ட்(வரி)
```

கிடைப்பது: கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி

பிரிப்பான் முன்னே, பட்டியல் அடைப்புக்குள். புதிதாகப் படிப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், பட்டியல்.ஜாயின் என்று எழுதிவிட்டு எரர் வாங்குவார்கள். ஜாயின் பட்டியலுக்கு மட்டும் உரியதல்ல. டியூப்பிள், செட், ஜெனரேட்டர், திறந்த கோப்பு என்று ஒவ்வொன்றாக உறுப்புகளைத் தரக்கூடிய எதையும் அது ஏற்கும். அவை ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஒரு ஜாயினை வைப்பதைவிட, எல்லாவற்றுக்கும் பொதுவான சரத்திடமே வைத்துவிட்டார்கள்.

உறுப்பே இல்லாத வெறும் பட்டியல் வந்தால் எழுத்தே இல்லாத வெறும் சரம் கிடைக்கும். ஒரே உறுப்பு என்றால் பிரிப்பானே வராது. இரண்டுக்கும் தனியாக நிபந்தனை எழுதத் தேவையில்லை.

தொங்கும் கமாவைப் பின்னால் வெட்டி எறிவோரும் உண்டு. கடைசி இரண்டு எழுத்தை நீக்குவது முதல் வழி. நாளை பிரிப்பானை இரு பக்கமும் இடைவெளியுள்ள நெடுங்கோடாக (|) மாற்றினால் அது மூன்று எழுத்து, வெட்டு தவறும். ஜாவாவில் வெறும் சரத்திலிருந்து இரண்டு எழுத்தை வெட்டப் போனால் நிரலே நின்றுவிடும்.

இதைவிட மோசமானது, சரத்தின் வலது ஓரத்தை வெட்டும் ஆர்ஸ்ட்ரிப். அதற்குக் கொடுக்கும் சரத்தை அது ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை, நீக்கவேண்டிய குறிகளின் கூட்டமாகவே பார்க்கிறது. சுழற்சியில் " மற்றும் " என்று ஒட்டிக்கொண்டே வந்து, முடிவில் இப்படிச் செய்தால் என்ன ஆகும்?

```
"கண்டி மற்றும் கொழும்பு மற்றும் ".ஆர்ஸ்ட்ரிப்(" மற்றும் ")
```

கிடைப்பது: கண்டி மற்றும் கொழும்ப

"மற்றும்" என்ற சொல்லுக்குள் ம, ற, புள்ளி, உகரக் குறி ஆகியவை இருக்கின்றன. வலப்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வரும் ஆர்ஸ்ட்ரிப், "மற்றும்" முடிந்த பிறகும் நிற்காமல் கொழும்புவின் கடைசி உகரக் குறியையும் விழுங்கிவிடுகிறது. பகரம் அந்தக் கூட்டத்தில் இல்லாததால்தான் அங்கே நின்றது. முடிவிலுள்ள ஒரு சொல்லைத்தான் நீக்கவேண்டும் என்றால் பைதன் 3.9இல் வந்த ரிமூவ்சஃபிக்ஸ் இருக்கிறது. ஜாயின் பாவித்தால் அதுவும் வேண்டாம்.

## படி 2: உள்ளே போவதெல்லாம் சரமா என்று பாருங்கள்

பைதனின் ஜாயின் எண்களைத் தானாகச் சரமாக மாற்றித் தராது. பட்டியலில் ஓர் எண் இருந்தால் டைப்எரர் வரும். "1ஆம் உறுப்பில் சரத்தை எதிர்பார்த்தேன், முழுஎண் கிடைத்தது" என்பது அதன் பொருள். எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதால் அது சொல்லும் 1, பட்டியலின் இரண்டாவது உறுப்பு.

```
பஸ்கள் = [100, 101, 138]
பிரிண்ட்(" / ".ஜாயின்(மேப்(எஸ்டிஆர், பஸ்கள்)))
```

எஸ்டிஆர் ஓர் எண்ணைச் சரமாக மாற்றும், மேப் அதை ஒவ்வோர் உறுப்புக்கும் செய்யும். பஸ் இலக்கங்களுக்கு இது போதும். ஆனால் எஸ்டிஆர் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கொழும்பு 06 என்ற வலய இலக்கத்தை முழுஎண்ணாகச் சேமித்தால் முன்னாலுள்ள பூச்சியம் போய் வெறும் 6 ஆகிவிடும். 00600 என்ற தபால் குறியீட்டுக்கும் 077இல் தொடங்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் இதே கதிதான். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத இலக்கங்களைத் தொடக்கத்திலிருந்தே சரமாக வைத்திருங்கள். இணைக்கும் நேரத்தில் பூச்சியத்தைத் திரும்ப ஒட்டுவது பிந்திய வைத்தியம்.

விலைகளில் வேறொரு பொறி. ஆயிரத்துக்குக் கமா போட்டு 1,250.00 என்று வடிவமைத்துவிட்டு, அதன் பின் கமாவாலேயே இணைத்தால் 1,250.00,450.00 என்று வரும். அதை எண்ணுகிற நிரலுக்கு அங்கே மூன்று தொகைகள். மனிதருக்குக் காட்டும் வடிவமும் நிரலுக்கு அனுப்பும் வடிவமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. நிரலுக்குப் போகும்போது ஆயிரக் கமாவை எடுத்துவிடுங்கள்.

## படி 3: பட்டியல் என்று நினைத்தது தனிச் சரமாக இருந்தால்

எரர் வராமலே வெளியீட்டைக் கெடுக்கும் பிழை இது. சரமும் உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய ஒன்றுதான். ஆகவே பட்டியலுக்குப் பதில் தனிச் சரத்தைக் கொடுத்தாலும் ஜாயின் மறுப்புச் சொல்லாது.

```
"-".ஜாயின்("கொழும்பு")
```

ஆங்கிலச் சொல் என்றால் எழுத்துக்கு எழுத்து கோடு விழும், பார்த்தவுடன் புரிந்துவிடும். தமிழில் நிலைமை சிக்கலானது. நாம் கொ, ழு, ம், பு என்று நான்கு எழுத்தாகப் பார்க்கிறோம். யூனிகோடில் அது க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, உகரக் குறி என்று எட்டுத் துண்டுகள். எட்டுக்கும் நடுவே கோடு விழ, உயிர்க்குறிகள் தாம் ஒட்டியிருந்த மெய்யை விட்டுத் தனியே பிரிந்து, புள்ளி வட்டங்களின் மேல் ஏறி நிற்கும். திரையில் இப்படிச் சிதறிய தமிழைக் கண்டால் எழுத்துருவைக் குறைசொல்லத் தோன்றும். பெரும்பாலும் காரணம் எழுத்துரு அல்ல, பட்டியல் போகவேண்டிய இடத்தில் சரம் போனதுதான்.

இது இரண்டு வழிகளில் நேரும். ("கோட்டை") என்று அடைப்புக்குள் எழுதினால் அது டியூப்பிள் அல்ல, தனிச் சரம். ("கோட்டை",) என்று கமா வைத்தால்தான் ஓர் உறுப்புள்ள டியூப்பிள். மற்றது, செயற்பாடு ஒன்று பல முடிவு கிடைத்தால் பட்டியலையும் ஒரே முடிவு கிடைத்தால் சரத்தையும் திருப்பித் தருவது. அப்படி எழுதாதீர்கள், ஒன்றே இருந்தாலும் பட்டியலாகவே தரட்டும்.

பட்டியலை எழுதும்போது இரண்டு பெயருக்கு நடுவே கமாவை மறந்தாலும் பைதன் முறையிடாது.

```
["பம்பலப்பிட்டி" "வெள்ளவத்தை", "தெஹிவளை"]
```

அருகருகே நிற்கும் இரண்டு மேற்கோள் சரங்களை பைதன் தானாகவே ஒட்டிவிடும். இங்கே மூன்று உறுப்பு இல்லை, இரண்டுதான், முதலாவது "பம்பலப்பிட்டிவெள்ளவத்தை". நீண்ட பட்டியலை வரிக்கு ஒரு பெயராக எழுதி, கடைசிப் பெயருக்குப் பின்னாலும் கமா வைக்கும் பழக்கம் இதற்கு நல்ல காப்பு. புதுப் பெயரைக் கீழே சேர்க்கும்போது மேல்வரியில் கமாவைத் தேடிப் போகத் தேவைப்படாது.

## படி 4: வெற்றிடங்களை என்ன செய்வது

கொழும்பு முகவரி ஒன்றை எடுங்கள்: வீட்டிலக்கம், மாடி, ஒழுங்கை, வீதி, வலயம். எல்லோருக்கும் எல்லாம் இருக்காது.

```
பகுதிகள் = ["3/1", "", "இரண்டாம் ஒழுங்கை", "  ", "கொழும்பு 06"]
```

அப்படியே இணைத்தால் "3/1, , இரண்டாம் ஒழுங்கை,   , கொழும்பு 06" என்று கமாக்கள் அநாதையாக நிற்கும். ஃபில்டர்(நன், பகுதிகள்) என்று வடிகட்டுவது பலர் சொல்லும் வழி. அது வெறும் சரத்தை நீக்கும். இரண்டு இடைவெளி மட்டும் உள்ள நான்காவது உறுப்பை நீக்காது. முதலில் ஓரங்களைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் வெறுமையா என்று பார்க்கவேண்டும்.

```
சுத்தம் = [ப.ஸ்ட்ரிப்() ஃபார் ப இன் பகுதிகள் இஃப் ப அண்ட் ப.ஸ்ட்ரிப்()]
முகவரி = ", ".ஜாயின்(சுத்தம்)
```

"இஃப் ப" என்று முன்னால் கேட்பது, தரவுத்தளத்திலிருந்து நன் (மதிப்பே இல்லை என்பதற்கான பைதனின் குறி) வந்தால் ஸ்ட்ரிப் அதன்மேல் பாய்ந்து எரர் தராமலிருக்க. கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகல இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்தால் ஸ்ட்ரிப்புக்கும் அது இடைவெளியாகத் தெரியாது. வேறு ஆவணங்களிலிருந்து பிரதி எடுத்த தரவு என்றால் அதை ரிப்ளேஸ் கொண்டு முன்கூட்டியே நீக்கிவிடுங்கள்.

இந்த வடிகட்டல் மனிதர் வாசிக்கும் முகவரிக்கு மட்டும்தான். நெடுவரிசைகளாகப் பிரித்து வாசிக்கப்போகும் கோப்பில் வெற்றிடத்தை நீக்கினால் வீதி வந்து ஒழுங்கையின் இடத்தில் உட்காரும், வலயம் வீதியாகிவிடும். அங்கே வெறும் இடமும் ஒரு தகவல். அதை அப்படியே விடவேண்டும்.

இல்லாத மதிப்பை மொழிகள் ஒவ்வொரு விதமாக நடத்துகின்றன. பைதன் எரர் தந்து நிறுத்தும். ஜாவாஸ்கிரிப்டின் ஜாயின் நல், அன்டிஃபைன்ட் இரண்டையும் வெறும் சரமாக்கிக் கமாவை மட்டும் விட்டுவைக்கும். சி ஷார்ப், ரூபி, பிஎச்பி மூன்றும் கிட்டத்தட்ட அப்படியே. ஜாவாவின் ஸ்ட்ரிங்.ஜாயின்தான் "நல்" என்ற சொல்லையே அச்சடித்து வைக்கும். வாடிக்கையாளருக்குப் போகும் கடித உறையில் வீதிக்குப் பதில் அந்தச் சொல் நிற்பது இதனால்தான். பைதன் நடுவழியில் நிற்பது எரிச்சலாக இருக்கலாம். ஆனாலும் பிழையை மறைக்காமல் முகத்துக்கு நேரே சொல்லும் அந்த வழியே நல்லது.

## படி 5: ஒழுங்கும் இரட்டிப்பும்

இரட்டிப்பை நீக்க செட் பாவித்தால் ஒழுங்கு போய்விடும். சரங்களின் ஹாஷ் மதிப்பு (செட் தன் உறுப்புகளை அடுக்கப் பாவிக்கும் எண்) ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறுவதால், காலையில் ஒரு வரிசை, மாலையில் வேறொரு வரிசை என்று வரும். வந்த ஒழுங்கு குலையாமல் இரட்டிப்பை மட்டும் நீக்க டிக்ட்.ஃப்ரம்கீஸ்(பட்டியல்) போதும், பைதன் 3.7 முதல் டிக்ட் ஒழுங்கைக் காக்கும் என்பது மொழியின் உறுதி.

தமிழில் இன்னொரு நுணுக்கம் உண்டு. "கொ" என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. இதனால் "கொழும்பு, கொழும்பு" என்று ஒரே பெயர் இருமுறை வந்து நிற்கும். யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் மூலம் எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள்.

அகர வரிசை வேண்டுமென்றால் வெறும் சார்ட்டட் போதாது. அது யூனிகோட் இலக்கப்படி அடுக்கும். அதில் னகரம் நகரத்துக்கு அடுத்தே வரும், ழகரம் வகரத்துக்கு முன்னே வரும், புள்ளி வைத்த மெய் உயிர்மெய்களுக்குப் பின்னே போகும். நாம் பள்ளியில் படித்த வரிசை அதுவல்ல. பைதனில் ஐசியு நூலகத்தையும், ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் மொழிக்குறி கொடுத்த இன்டில்.கொலேட்டரையும் பாவிக்கவேண்டும்.

## படி 6: மனிதருக்கு என்றால் தமிழ் வாக்கியமாக இணையுங்கள்

கமாவால் அடுக்கிக்கொண்டே போய் முடித்தால் அது அட்டவணை போலத்தான் இருக்கும். கடைசி இரண்டுக்கும் நடுவே "மற்றும்" வைப்பது பரவலான வழி.

```
டெஃப் சேர்(பெயர்கள்):
    இஃப் நாட் பெயர்கள்:
        ரிட்டர்ன் ""
    இஃப் லென்(பெயர்கள்) == 1:
        ரிட்டர்ன் பெயர்கள்[0]
    ரிட்டர்ன் ", ".ஜாயின்(பெயர்கள்[:-1]) + " மற்றும் " + பெயர்கள்[-1]
```

ஜாவாஸ்கிரிப்டில் இன்டில்.லிஸ்ட்ஃபார்மட் இதையே செய்து தரும். மொழிக்குறியை மாற்றினால் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அவ்வவற்றின் முறையில் இணைக்கும். மும்மொழியிலும் இயங்கவேண்டிய செயலிக்கு இதுவே சரியான வழி. தமிழ் வாக்கியத்தை மனதில் வைத்து எழுதிய சேர் செயற்பாட்டில் "மற்றும்" என்ற சொல்லை மட்டும் மாற்றி மற்ற மொழிகளுக்கு ஓட்டாதீர்கள்.

ஆனால் "மற்றும்" பேச்சில் வராத இணைப்பு. "கோட்டையும் மருதானையும் தெஹிவளையும்" என்பதுதான் நம் வாயில் வருவது. இதற்குப் பிரிப்பான் உதவாது, ஒவ்வொரு சொல்லின் ஈறும் மாறவேண்டும். எளிய விதி ஒன்றை எழுதிப் பார்க்கலாம். புள்ளியில் முடிந்தால் அதை எடுத்துவிட்டு உகரக் குறியும் மகர மெய்யும்: யாழ்ப்பாணம், யாழ்ப்பாணமும். உகரத்தில் முடிந்தால் "ம்" மட்டும்: கொழும்பு, கொழும்பும். இ, ஈ, ஐ, ஏ ஒலியில் முடிந்தால் "யும்": கண்டியும், கோட்டையும். மற்றவற்றுக்கு "வும்".

கொழும்புக்குள்ளேயே இந்த விதி உடையும். கொம்பனித்தெருவை அதற்குள் போட்டால் "கொம்பனித்தெரும்" என்று வரும். தெருவின் ஈற்று உகரம் குற்றியலுகரம் அல்ல, முற்றியலுகரம்; ஆகவே "கொம்பனித்தெருவும்" என்றே வரவேண்டும். "கல்", "பெண்" போன்ற சொற்களில் மெய் இரட்டித்துக் கல்லும், பெண்ணும் என்றாகும். பெயர்கள் முன்கூட்டியே தெரிந்த குறுகிய பட்டியல் என்றால் விலக்குகளை ஒரு டிக்டில் எழுதி வைக்கலாம். பாவனையாளர் எதையும் தட்டக்கூடிய இடத்தில் ஈற்றைத் தொடாமலிருப்பதே நல்லது. அதற்குத் தமிழே ஒரு வழி வைத்திருக்கிறது:

கோட்டை, கொம்பனித்தெரு, தெஹிவளை ஆகிய நிலையங்களில் நிற்கும்

"ஆகிய" முன்னுள்ள பெயர்களை மாற்றுவதில்லை. ஒன்றே ஒன்று இருந்தால் மட்டும் "கோட்டை நிலையத்தில் நிற்கும்" என்று வேறு வாக்கியம் எடுக்கவேண்டும். எதுவும் இல்லையென்றால் "எங்கும் நிற்காது". மூன்று வாக்கியங்களையும் தனித்தனியே எழுதிவைத்து, பட்டியலின் நீளத்தைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்.

## படி 7: நிரலுக்கு என்றால் வெறும் ஜாயினை நம்பாதீர்கள்

கமாவால் பிரித்த சிஎஸ்வி கோப்பை ஜாயின் கொண்டு எழுதுவது பெரிய தவறு. "காலி வீதி, கொழும்பு 03" என்ற ஒரே முகவரிக்குள் கமா இருக்கிறது. இணைத்ததும் ஒரு நெடுவரிசை இரண்டாகும். சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும், 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் சொல்லும் முறை இது: கமா, இரட்டை மேற்கோள், புதுவரி ஆகியவற்றில் எது உள்ளே இருந்தாலும் அந்தப் புலத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்கவேண்டும், உள்ளேயுள்ள இரட்டை மேற்கோளை இருமுறை எழுதவேண்டும். பைதனின் சிஎஸ்வி தொகுதி இதைத் தானே பார்த்துக்கொள்ளும். கோப்பைத் திறக்கும்போது நியூலைன் என்பதற்கு வெறும் சரத்தைக் கொடுங்கள், இல்லையேல் விண்டோஸில் ஒவ்வொரு வரிக்கும் நடுவே வெற்று வரி வரும். எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறப்பார்கள் என்றால் குறியாக்கத்தை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். அது கோப்பின் தொடக்கத்தில் ஒரு சிறு குறியை வைக்கும், அந்தக் குறி இல்லாவிட்டால் எக்செல் தமிழைக் குப்பையாகக் காட்டக்கூடும்.

கமா வராது என்று நம்பி நெடுங்கோட்டை அல்லது டேபைத் தெரிவுசெய்வது தற்காலிக நிம்மதிதான். ஒருநாள் யாராவது அதையும் தட்டுவார்கள். இணைத்ததைத் திரும்பப் பிரித்தெடுக்கவேண்டிய தேவை இருந்தால் சிஎஸ்வி அல்லது ஜேசன் பாவியுங்கள். ஜாயினும், சரத்தைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று எண்ணுவது பாதி உண்மைதான்: வெறும் பட்டியலை இணைத்தால் வெறும் சரம், அந்த வெறும் சரத்தைக் கமாவால் பிரித்தால் வெறும் பட்டியல் வராது, வெறும் சரம் ஒன்றைக் கொண்ட பட்டியல் வரும்.

தரவுத்தளத்துக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் வினவலில் மதிப்புகளை இணைத்து நுழைக்கவே கூடாது. நடுவே ஒற்றை மேற்கோள் குறி வரும் குடும்பப்பெயர்கள் கொழும்பில் புதிதல்ல. அப்படி ஒன்று வந்தாலே வினவல் உடையும், தீய நோக்கோடு ஒருவர் தட்டினால் தரவுத்தளமே திறந்துபோகும். இணைக்கவேண்டியது மதிப்பு வரவேண்டிய இடத்தைக் குறிக்கும் இடங்காட்டிகளை (?) மட்டும்:

```
குறிகள் = ", ".ஜாயின்(["?"] * லென்(பெயர்கள்))
```

இதை வினவலிலுள்ள இன் என்ற சொல்லின் அடைப்புக்குள் வைத்து, பெயர்களை வினவலோடு தனியே அனுப்புங்கள். பட்டியல் வெறுமையாக இருந்தால் வினவலையே அனுப்பாதீர்கள். வெறும் அடைப்பை மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தளங்கள் ஏற்காது.

## தரவுத்தளத்துக்குள்ளேயே இணைக்கும்போது

மைஎஸ்க்யூஎல்லில் குரூப்_கான்கேட், போஸ்ட்கிரெஸ்ஸில் ஸ்ட்ரிங்_ஆக், எஸ்க்யூஎல் சேர்வரில் 2017 பதிப்பு முதல் ஸ்ட்ரிங்_ஆக், ஆரக்கிளில் லிஸ்ட்ஆக்: பல வரிகளின் மதிப்புகளை ஒரே சரமாக இணைக்கும் கட்டளைகள் இவை. எதிலும் ஒழுங்கை வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எந்த வரிசையில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

```
குரூப்_கான்கேட்(பெயர் ஆர்டர் பை நிலைய_எண் செப்பரேட்டர் ', ')
```

மைஎஸ்க்யூஎல்லில் தமிழர்களை அதிகம் கடிக்கும் ஓர் எல்லை இருக்கிறது. இணைத்த முடிவின் நீளம் இயல்பாக 1024 பைட்டுக்குள் அடங்கவேண்டும். மீறினால் எரர் வராது, ஓர் எச்சரிக்கையோடு மீதி வெட்டுப்படும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 1024ஐ மூன்றால் வகுத்தால் 341 குறிதான். எட்டுக் குறியுள்ள "கொழும்பு" 24 பைட், கமாவும் இடைவெளியும் சேர்த்து 26. 39 முறை முழுதாக அடங்கும், நாற்பதாவது பாதியில் அறுபடும். ஆங்கிலத் தரவில் சோதித்து எல்லாம் சரி என்று அனுப்பிய அறிக்கை, தமிழ்த் தரவில் பாதிப் பெயரோடு நிற்பது இதனால்தான். அமர்வின் தொடக்கத்தில் குரூப்_கான்கேட்_மேக்ஸ்_லென் மதிப்பைக் கூட்டிவிடுங்கள். லிஸ்ட்ஆக் வழக்கமாக 4000 பைட்டில் நிற்கும், ஆனால் அது எரர் தந்துவிட்டுத்தான் நிற்கும்.

ஒரே வரியிலுள்ள பல நெடுவரிசைகளை இணைக்கக் கான்கேட் பாவித்தால், மைஎஸ்க்யூஎல்லில் ஒன்று நல் ஆனாலும் முழு முடிவும் நல் ஆகும். கான்கேட்_டபிள்யூஎஸ் நல்லைத் தாண்டிப் போகும். முகவரிக்கு அதுவே பொருத்தம், ஆனால் அது வெறும் சரத்தைத் தாண்டாது என்பதால் அந்தக் கமா மட்டும் தங்கும். நல்இஃப் கொண்டு வெறும் சரத்தை முன்பே நல் ஆக்கிக்கொள்ளுங்கள்.

## எக்செல்லும் கட்டளை வரியும்

எக்செல் 2019 முதல் டெக்ஸ்ட்ஜாயின்(", ", ட்ரூ, ஏ2:ஏ20) உண்டு. நடுவிலுள்ள ட்ரூ வெறும் கலங்களைத் தாண்டச் சொல்வது. முடிவு 32,767 எழுத்தைத் தாண்டினால் மதிப்புப் பிழை வரும்.

லினக்ஸில் பேஸ்ட் கட்டளையின் எஸ், டி தெரிவுகள் கோப்பிலுள்ள வரிகளை ஒன்றாக்கும். பிரிப்பானாகக் கமாவும் இடைவெளியும் கொடுத்தால் அவை சேர்ந்து வரும் என்று நினைக்காதீர்கள்; முதல் இடத்தில் கமா, அடுத்த இடத்தில் இடைவெளி, பிறகு மீண்டும் கமா என்று மாறி மாறி வரும். கட்டளை வரியின் பாஷில், பிரிப்பானை வைத்திருக்கும் ஐஎஃப்எஸ் மாறியைக் கொண்டு இணைத்தாலோ அதில் உள்ள முதல் எழுத்து மட்டும்தான் எடுக்கப்படும்.

## வேகம்

பத்துப் பெயருக்கு எப்படி இணைத்தாலும் ஒன்றுதான். பத்து எழுத்துள்ள 10,000 துண்டுகளைச் சுழற்சியில் ஒட்டினால், ஒவ்வொரு முறையும் அதுவரை சேர்ந்த முழுச் சரமும் புதிதாகப் பிரதி எடுக்கப்படும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 50 கோடி எழுத்துப் பிரதிகள். ஜாயின் முதலில் மொத்த நீளத்தைக் கணக்கிட்டு, ஒரே தடவையில் இடம் எடுத்து, 1 லட்சம் எழுத்தை ஒருமுறை எழுதுவதோடு முடித்துக்கொள்ளும். வழக்கமான பைதனில் சில வேளைகளில் சுழற்சியும் வேகமாக ஓடும், அது உள்ளே நடக்கும் ஒரு சலுகை. வேறு பைதன் இயக்கிகளில் அதை எதிர்பார்க்க முடியாது. ஜாவாவில் சுழற்சி தவிர்க்க முடியாதென்றால் ஸ்ட்ரிங்பில்டர், 2014இல் வந்த ஜாவா 8 முதல் ஸ்ட்ரிங்.ஜாயின் அல்லது கலெக்டர்ஸ்.ஜாயினிங்.

## அனுப்புமுன் ஓட்டிப் பார்க்கவேண்டிய பட்டியல்கள்

எந்த மொழியில் எழுதினாலும் இவற்றை ஒரு தடவை உள்ளே விட்டுப் பாருங்கள்: வெறும் பட்டியல், "கோட்டை" மட்டும் உள்ளது, இரண்டு பெயர், நடுவே வெறும் சரம், இடைவெளிச் சரம், நல் மூன்றும் உள்ளது, "காலி வீதி, கொழும்பு 03" உள்ளது, மேற்கோள் குறியுள்ள பெயர், 06 என்ற இலக்கம், "கொழும்பு" நாற்பது முறை. பிஎச்பி பாவிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: அதன் இணைக்கும் கட்டளையான இம்ப்லோடுக்குப் பட்டியலை முன்னும் பிரிப்பானைப் பின்னும் கொடுத்த பழைய நிரல்கள் 7.4இல் எச்சரிக்கை தரும், 8.0இல் ஓடாது. கோ மொழியிலோ ஸ்ட்ரிங்ஸ்.ஜாயினுக்குப் பட்டியல்தான் முன்னே.